கதீற்றர் சிகிச்சையில் குறையில்லை, துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பியபோதுதான் குறை

நிலாவெளியிலிருந்து புறாமலைக்குச் சுற்றுலாப் பயணிகளைப் படகில் ஏற்றிச் செல்லும் என் மைத்துனருக்கு, கொழும்பிலுள்ள மருத்துவமனையொன்றில் அண்மையில் நுரையீரலிலுள்ள கோளாறான இரத்தக்குழாயை அடைக்கும் சிகிச்சை செய்யப்பட்டது.

அவருடைய நுரையீரலில் நாடியும் நாளமும், இடையில் மயிர்த்துளைக் குழாய்கள் இல்லாமல் நேரடியாக இணைந்திருந்தன. அவ்வழியே பாயும் இரத்தம் ஒட்சிசனைப் பெறுவதில்லை. அத்துடன், நுரையீரலில் வடிகட்டப்பட வேண்டிய சிறு இரத்தக்கட்டிகளும் கிருமிகளும் தடையின்றி மூளைக்குச் சென்று பாரிசவாதத்தையோ சீழ்கட்டியையோ உண்டாக்கக்கூடும். படுத்திருக்கையில் ஓரளவு சரியாக இருந்த ஒட்சிசன் அளவு, எழுந்து அமர்ந்ததும் இறங்குவதைத் தாதியொருவர் கவனித்ததாலேயே நோய் பிடிபட்டது. இத்தகைய குழாய்கள் பெரும்பாலும் நுரையீரலின் கீழ்ப்பகுதியில் இருப்பதால், நிமிர்ந்ததும் அவற்றினூடாகக் கூடுதலான இரத்தம் பாயும்.

நெஞ்சைத் திறப்பார்களோ என்று அவருடைய தாயான மாமி அஞ்சினார். அதற்குத் தேவையே இருக்கவில்லை. 1977 முதல் உலகில் நடைமுறையிலுள்ள முறைப்படி, தொடையிடுக்கு நாளத்தில் சிறு துளையிட்டு, கதீற்றர் எனும் மெல்லிய குழாயை இதயத்தின் வலப்பக்கத்தினூடாக நுரையீரல் நாடிவரை செலுத்தி, கோளாறான குழாய்க்கு இரத்தம் கொண்டுசெல்லும் கிளையைப் பிளாட்டினச் சுருள்களால் அடைத்தார்கள். தொடையிடுக்கை மட்டும் மரக்கச் செய்திருந்ததால், சுருள்கள் ஒவ்வொன்றாக உள்ளே சென்று மடங்கிக்கொள்வதை மைத்துனர் எக்ஸ்ரே திரையில் பார்த்துக்கொண்டே இருந்தாராம். மறுநாள் ஒரு சிறு பிளாஸ்டருடன் நடந்தே வெளியே வந்தார். சில நாள்களின் பின் மூச்சிழுக்கையில் விலாவில் குத்தியது. அப்படி நேரலாமென்று வைத்தியர் முன்பே சொல்லியிருந்ததால் எவரும் பதறவில்லை.

துண்டு வெட்டியபோதோ இந்தக் கரிசனையைக் காணவில்லை. பல் பிடுங்குவதற்கு முன் நுண்ணுயிர்கொல்லி எடுக்க வேண்டும், சேலைன் ஏற்றும்போது காற்றுக்குமிழி புகக்கூடாது, சிலிண்டர் கட்டிச் சுழியோடக்கூடாது ஆகிய மூன்றும் ஆங்கிலத்தில், கிறுக்கலாக எழுதப்பட்டிருந்தன. தமிழில் எடுத்துச்சொல்ல ஒருவரும் இல்லை. கடலே பிழைப்பான ஒருவர் சுழியோடுவதைப் பற்றிய எச்சரிக்கையை, திருகோணமலைக்குத் திரும்பி, உள்ளூர் வைத்தியர் வாசித்துக் காட்டிய பின்னரே அறிந்துகொள்வது சரியான ஏற்பாடல்ல.

இன்னொன்றையும் அவர்கள் கேட்டிருக்க வேண்டும். இக்கோளாறு உள்ளவர்களில் பெரும்பாலானோருக்குப் பரம்பரையாக வரும் இரத்தக்குழாய் நோயொன்று இருக்கும். அடிக்கடி மூக்கில் இரத்தம் வடிவது அதன் முக்கிய அறிகுறி. மாமிக்கு இளமை முதலே அது உண்டு, உடற்சூடு என்றே விட்டுவிட்டார்கள்.

சிகிச்சையின் தரத்துக்காக இதே இடத்தைப் பிறருக்கும் பரிந்துரைப்பேன். ஓராண்டுக்குள் எடுக்க வேண்டிய சி.டி. ஸ்கானுக்கும் அங்கேதான் செல்கிறோம். இம்முறை மாமியையும் கூட்டிச் செல்கிறோம்.