பழைய டெக்கா, புது டெக்கா? முதலில் கேசட் பெட்டியைத் திறந்து பாருங்கள்

பரணிலிருந்து கேசட் பெட்டியை இறக்கியவர்களுக்கெல்லாம் வரும் குழப்பம் ஒன்றுதான். வீட்டில் கிடக்கும் பழைய டெக்கை, அதாவது ஆம்ப்ளிஃபயரோடு இணைத்துக் கேசட் போடும் கருவியைச் சரிசெய்வதா, செகண்ட் ஹேண்டில் வேறொன்று பிடிப்பதா, புதிதாகவே வாங்கிவிடுவதா? என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெட்டியில் இருப்பவை பெரும்பாலும் ரெக்கார்டிங் சென்டரில் பதிந்து வாங்கிய கேசட்டுகள் என்றால், பழையதைச் சரிசெய்யுங்கள்.

காரணம் இருக்கிறது. பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்து, கூடவே டிடிகே 90, மெல்ட்ராக் 60 என்று ஒரு காலிக் கேசட்டும் கொடுத்து, ஒரு வாரம் கழித்துப் போய் வாங்கி வருவோமே, அந்தக் கேசட்டுகள் ஒவ்வொன்றும் அந்தந்தக் கடை டெக்கின் ஹெட் (நாடாவைத் தொட்டு ஒலியைப் பதியும், படிக்கும் பாகம்) எப்படிச் சாய்ந்திருந்ததோ அப்படியே பதிந்தவை. கேசட் நாடா நொடிக்கு 4.76 செ.மீ. வேகத்தில்தான் ஓடுகிறது. 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலைக்கு நாடாவில் கிடைக்கும் இடம் 0.005 மி.மீ.கூட இல்லை, ஆனால் ஒரு தடத்தின் அகலம் சுமார் 0.6 மி.மீ. அதனால் பதிந்த ஹெட்டும் உங்கள் ஹெட்டும் அரை டிகிரி அளவுக்கு விலகியிருந்தாலே போதும், ஜால்ரா சத்தமெல்லாம் காணாமல் போய், பாடகர் போர்வைக்குள் படுத்துக்கொண்டு பாடுவது போல இருக்கும். இந்தச் சாய்வுக்குத்தான் அஸிமத் என்று பெயர். கேசட் கெட்டுப்போய்விட்டது என்று குப்பையில் போட்டவர்கள் எத்தனை பேரோ.

பழைய டெக்குகள் பலவற்றில் கதவின் முகப்புத் தகட்டைக் கழற்றினால் ஹெட்டுக்குப் பக்கத்தில் ஸ்பிரிங் வைத்த சின்ன ஸ்குரூ தெரியும். ஆம்ப்ளிஃபயரை மோனோவில் (இடது வலது ஒலிகள் ஒன்றாகக் கலக்கும்படி) வைத்து, பாட்டு ஓடும்போதே அதை மெதுவாகத் திருப்புங்கள். கால் சுற்றுக்கு மேல் அநேகமாகத் தேவைப்படாது. ஓசை பளிச்சென்று திறக்கும் இடம் காதுக்கே தெரியும். திருப்புவதற்கு முன் ஸ்குரூ எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள், கடையில் வாங்கிய கம்பெனி கேசட்டுக்கு மறுபடி அங்கேயே கொண்டுவர வேண்டும். இன்னொன்று, நாடாவின் இரைச்சலைக் குறைக்கும் டால்பி சுவிட்ச் தெரியாமல் ஆனில் இருந்தாலும் ஒலி இதே மாதிரி மங்கும், ஸ்குரூவைத் தொடும் முன் அதைப் பாருங்கள்.

சரி, பழைய டெக்கில் செலவு என்ன? பெரும்பாலும் பெல்ட்தான். மோட்டார் முனகுகிறது, எதுவும் சுற்றவில்லை என்றால் பெல்ட். சில டெக்குகளில் பெல்ட் தார் போல உருகிச் சக்கரங்களில் அப்பிக்கொண்டிருக்கும், ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துத் துடைத்தெடுப்பதற்குள் விரல் பத்தும் கறுத்துவிடும். உருகிய பெல்ட்டை அளக்க முடியாது என்பதால், அது ஓடும் பாதையில் நூலைச் சுற்றி அளந்து, அதைவிட 5 முதல் 10 சதவீதம் குறைவான சுற்றளவில் புதியது வாங்க வேண்டும். அவசரத்துக்கு ரப்பர் பேண்ட் மாட்டினேன் ஒரு முறை. பாட்டு கடல் அலை மாதிரி ஏறி இறங்கியது. பிளே போட்டதும் இரண்டு நொடியில் நின்றால், நாடாவை வாங்கிச் சுற்றும் பக்கத்து ரீல் திரும்பவில்லை என்று பொருள். நாடாவைத் தின்றால் அதே ரீலின் இழுவை குறைந்திருக்கும், அல்லது நாடாவை அழுத்தி ஓட்டும் ரப்பர் உருளையான பிஞ்ச் ரோலர் பிசுபிசுத்திருக்கும். இவையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

செகண்ட் ஹேண்டில் வாங்குவது நடுவழி, ஆபத்தும் அதில்தான் அதிகம். 'ஃபுல் சர்வீஸ் செய்தது' என்று சொல்லி ஒருவர் எனக்கு விற்ற டெக்கைத் திறந்து பார்த்தால், வெளியே பாலிஷ் போட்டதைத் தவிர உள்ளே யாரும் எட்டிப் பார்த்த தடயமே இல்லை. வாங்கும்போது சொந்தக் கேசட்டைக் கொண்டுபோங்கள், இரண்டு பக்கமும் முழுதாக ஓடவிடுங்கள், ரிவைண்ட் கடைசி வரை போகிறதா என்று பாருங்கள். ஜப்பான் உள்நாட்டு மாடல் என்றால் அது 100 வோல்ட். நம் 230-இல் நேராகச் செருகினால் அன்றோடு முடிந்தது, ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அதிர்ஷ்டம் இருந்தால், நம் வீட்டில் இருப்பதைவிட நல்ல மூன்று ஹெட் டெக் (அழிக்க, பதிய, கேட்கத் தனித்தனி ஹெட் உள்ளது) இந்த வழியில்தான் கிடைக்கும்.

புதியதில் ரப்பர் புதிது, வாரண்டி உண்டு, அது பெரிய நிம்மதி. டியாக் டபிள்யூ-1200 போன்றவற்றில் யூஎஸ்பி வழியே கணினிக்கு ஏற்றலாம், வேகத்தையும் கூட்டிக் குறைக்கலாம். கடைக்குக் கடை வேகம் மாறிய நம் கேசட்டுகளுக்கு அது நிஜமாகவே உதவும். ஆனால் அசல் டால்பி கிடையாது, பி வகைக்கு ஈடான ஒன்று பிளேபேக்குக்கு மட்டும். உள்ளே இருக்கும் இயந்திரமும் எளிமையானதுதான், 80களின் நல்ல டெக்கில் நீண்ட வீணை நாதம் அலையாமல் நிற்கிற மாதிரி இதில் நிற்பதில்லை. அப்புறம், வாரண்டி உள்ள பெட்டியைத் திறந்து அஸிமத் ஸ்குரூவைத் திருப்ப யாருக்கு மனம் வரும்? மலிவான யூஎஸ்பி வாக்மேன்களைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

எந்த வழியில் போனாலும், டெக்கைக் குறை சொல்லும் முன் ஒரு சோதனை. ஒரு ஸ்பீக்கர் ஊமையாக இருந்தால் ஆம்ப்ளிஃபயரின் பின்னால் டெக்கிலிருந்து வரும் இடது வலது பின்களை மாற்றிச் செருகுங்கள். ஊமை அடுத்த ஸ்பீக்கருக்குப் போனால் கோளாறு டெக்கிலோ வயரிலோ, போகவில்லை என்றால் ஆம்ப்ளிஃபயரிலோ ஸ்பீக்கரிலோ. வால்யூம் திருப்பும்போது கரகரத்தால் கான்டாக்ட் கிளீனர் போதும்.

சரிசெய்த டெக்கில் முதலில் போடுவதற்கு, போனால் போகட்டும் என்று ஒரு கேசட்டைத் தனியாக எடுத்து வையுங்கள். தாத்தா குரல் பதிந்ததெல்லாம் ஒரு வாரம் கழித்துப் போட்டால் போதும்.