கரும்பலகையா, வெள்ளைப் பலகையா, டேப்லெட்டா?

வகுப்பறையைப் புதுப்பிக்கத் துறைக்குப் பணம் வந்ததும் முதலில் வந்து நிற்பவர் ஸ்மார்ட் போர்டு விற்பவர்தான். கொட்டேஷன் கையில் தயாராக இருக்கும். கணிதம், இயற்பியல், கணினி அறிவியல் மூன்றும் பங்குபோட்டுக்கொள்ளும் வகுப்பறைகளுக்கு எதை மாட்டுவது என்று எங்கள் பக்கமும் முடிவெடுக்க வேண்டி வந்தது. பதினாறடி கரும்பலகை நடுவில், ப்ரொஜெக்டர் திரை ஓரத்தில் என்று முடித்தோம். இதே இடத்தில் நிற்கிற மற்ற துறைகளுக்குப் பயன்படும் என்பதால் காரணங்களை எழுதி வைக்கிறேன்.

கரண்ட் போனாலும் கரும்பலகையில் எழுதலாம். மார்க்கர் தூசி கிளப்பாது. டேப்லெட்டில் எழுதியதை வகுப்பு முடிந்த கையோடு பிடிஎஃப் ஆக்கி மாணவர் குழுவுக்கு அனுப்பிவிடலாம். இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி, இவற்றை எடை போட்டு முடிவெடுக்க முடியாது. முடிவைத் தீர்மானிப்பது ஒன்றே ஒன்று: ஒரே சமயத்தில் மாணவரின் கண்முன் எத்தனை வரி நிற்கிறது?

கணக்காகவே பார்த்துவிடலாம். குறையில்லாத கண்ணுக்குப் பத்து மீட்டர் தொலைவில் தெரியக்கூடிய மிகச் சிறிய எழுத்தின் உயரம் ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர். கண் மருத்துவரின் பலகையில் 6/6 வரியை (நல்ல கண் ஆறு மீட்டரிலிருந்து படிக்கும் வரி) வைத்துப் போடுகிற கணக்கு இது. கடைசி பெஞ்சு பத்து மீட்டரில் இருந்தால், நம் கையெழுத்தில் இருக்கும் மிகச் சிறிய குறி அதற்குக் கீழே போகக் கூடாது. நம் பாடங்களில் சிக்கல் அங்கேதான். உள்தொடர்வரிசை (சப்சீக்வென்ஸ்) எழுதும்போது எக்ஸின் (x) காலடியில் என் (n), அந்த என்னின் காலடியில் கே (k) வரும். எக்ஸை ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்கு எழுதினால் என் இரண்டரைக்கும் மூன்றுக்கும் இடையில் நிற்கும், கே ஒன்றரையில் வந்து முட்டும். அதற்குமேல் சின்னதாக எழுதினால் கடைசி பெஞ்சு அதை ஊகித்துத்தான் எழுதிக்கொள்ளும். டென்சர் குறியீட்டில் சின்னதாக எழுதும் மியூவும் (μ) நியூவும் (ν) குழம்புவதும் இதே கதை. ஆக முதன்மை எழுத்து ஐந்து சென்டிமீட்டர், ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் ஒன்பது சென்டிமீட்டர். இதைக் குறைக்க வழியில்லை.

இந்த அளவை ஒவ்வொன்றின் மேலும் வைத்துப் பாருங்கள். நாலடி உயரப் பலகை என்பது 120 சென்டிமீட்டர், அதாவது பதின்மூன்று வரி. அடியில் இரண்டு வரியை முன்னால் இருப்பவர்களின் தலை மறைக்கும், மிச்சம் பதினொன்று. பதினாறடி அகலத்தை நாலு பத்தியாகப் பிரித்தால் மொத்தம் நாற்பத்து நாலு வரி. டேப்லெட்டில் எழுதுவதைக் காட்டும் ஆறடிக்கு நாலடி ப்ரொஜெக்டர் திரையில், உயரத்தில் மாட்டியிருந்தால், பதின்மூன்று வரி கிடைக்கும். ஸ்மார்ட் போர்டு என்று விற்கும் எழுபத்தைந்து அங்குலப் பேனலின் உயரம் 93 சென்டிமீட்டர்தான், பத்து வரி. எண்பத்தாறு அங்குலத்துக்குப் போனாலும் பதினொன்று, பன்னிரண்டைத் தாண்டாது.

நாலில் ஒரு பங்கு இடத்தில் நடத்தினால் என்ன குறையும்? ஹைட்ரஜன் அணுவுக்கு ஷ்ரோடிங்கர் சமன்பாட்டைப் பிரித்து எழுதும் வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பத்தியில் முழுச் சமன்பாடு. இரண்டாவதில் கோணப் பகுதி, அதன் முடிவில் l(l+1) என்ற மாறிலி. அரைமணி கழித்து நாலாவது பத்தியில் ஆரச் சமன்பாட்டின் மையவிலக்கு உறுப்பாக அதே மாறிலி வந்து உட்காரும். அந்த இடத்தில் ஆசிரியர் இரண்டாவது பத்திக்கு நடந்து போய்க் கையை வைத்தால் போதும், எங்கிருந்து வந்தது என்பது எல்லாருக்கும் பிடிபட்டுவிடும். டேப்லெட்டில் இரண்டு பக்கம் பின்னால் உருட்ட வேண்டும். உருட்டும்போது இப்போதைய வரியை எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கு அது கையைவிட்டுப் போய்விடும். திரும்ப வரும்போது பின்னால் பார்த்தது மறந்திருக்கும். எப்சிலான்–டெல்டா நிரூபணத்திலும் அப்படியே: கடைசி வரியில் டெல்டாவை ஏன் அப்படித் தேர்ந்தெடுத்தோம் என்று காட்ட, முதல் வரி இன்னும் அழியாமல் இருந்தாக வேண்டும்.

கணினி அறிவியலுக்கு இது பொருந்தாது என்பார்கள். மிகக் குறுகிய பாதையைக் கண்டுபிடிக்கும் டைக்ஸ்ட்ரா வழிமுறையைக் கையால் ஓட்டிப் பாருங்கள். வரைபடம் ஒரு பத்தி, முன்னுரிமை வரிசை ஒரு பத்தி, தூர அட்டவணை ஒரு பத்தி, ஏன் இது சரி என்ற நிரூபணம் ஒரு பத்தி. நாலும் ஒன்றாக நின்றால்தான் அட்டவணையில் ஒரு எண் மாறும்போது நிரூபணத்தின் எந்த வரி அதைக் காக்கிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியும். சிவப்பு–கருப்பு மரத்தை (தரவைச் சீராக அடுக்கி வைக்கும் அமைப்பு) சுழற்றும்போதும் முன்னும் பின்னும் பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

ஆக்ஸ்போர்டின் அறிவியல் வரலாற்று அருங்காட்சியகத்தில் ஐன்ஸ்டைன் எழுதிய பலகை ஒன்று இருக்கிறது. 1931 மே 16 அன்று ஆக்ஸ்போர்டில் நடத்திய உரையில் எழுதியதை அழிக்காமல் அப்படியே எடுத்து வைத்திருக்கிறார்கள். பிரபஞ்சத்தின் அடர்த்தி, ஆரம், வயது எல்லாம் ஒரே பலகையில், ஒரே பார்வையில் தெரிகின்றன. கேம்பிரிட்ஜில் ஐசக் நியூட்டன் கணித நிறுவனத்தில் லிஃப்டுக்குள்ளேயே கரும்பலகை மாட்டியிருக்கிறார்கள். இவர்கள் பழமையைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறவர்கள் அல்லர். யோசித்ததன் தடம் கண்முன் இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் தேவை.

வெள்ளைப் பலகையிலும் இதே பரப்பு கிடைக்குமே என்றால், கிடைக்கும். அதனால் உண்மையான போட்டி கருப்புக்கும் வெள்ளைக்கும்தான். அதைத் தீர்ப்பது பராமரிப்பு. மலிவான வெள்ளைப் பலகை என்பது மெலமைன் பூசிய பலகை. நாளடைவில் அதில் நுண்ணிய கீறல் விழும், மை அதற்குள் இறங்கும், பழைய எழுத்து பேய்போல நிற்கும். மார்க்கர் மையில் ஆல்கஹாலோடு, மை பலகையில் ஒட்டாமல் இருக்க எண்ணெய்ப் பசை மாதிரி ஒரு பொருளும் கலந்திருக்கும். ஸ்பிரிட் போட்டு அடிக்கடி துடைத்தால் பலகைமேல் படிந்திருக்கும் அந்தப் பசையும் போய்விடும், பிறகு கறை இன்னும் சீக்கிரம் பிடிக்கும். யாராவது நிரந்தர மார்க்கரால் எழுதிவிட்டால் அதன்மேலேயே சாதாரண மார்க்கரால் தடவி, ஈரம் காயும் முன் துடைத்தால் வந்துவிடும். மார்க்கரைப் படுக்க வைத்துத்தான் வைக்க வேண்டும். முனை மேலே பார்த்து நின்றால் மை அடியில் தங்கி முனை காயும். இத்தனையும் பார்த்துக்கொண்டாலும், ஒரு தேற்றத்தின் நடுவில் மார்க்கர் வெளிறிப்போவதைத் தடுக்க முடியாது. சாக்பீஸ் எவ்வளவு மிச்சம் என்பது கையிலேயே தெரியும்.

வெளிச்சமும் ஒரு தொல்லை. வெள்ளைப் பலகை பளபளப்பானது. ஜன்னலும் டியூப் லைட்டும் அதில் விழுந்து, ஒரு ஓரத்தில் உட்கார்ந்தவர்களுக்கு நடுப்பகுதி முழுக்க வெறும் ஒளிதான் தெரியும். பலகைக்கு நேர் முன்னால் இருக்கும் டியூப் லைட்டுக்குத் தனி சுவிட்ச் வைத்தால் பாதிக் குறை தீரும்.

இனி கரும்பலகையின் குறைகள், அவையும் சின்னவை அல்ல. முதலாவது தூசி. ஜிப்சத்தில் செய்த சாதாரண சாக்பீஸ் மிருதுவானது, பொடி காற்றில் பறக்கும். டஸ்ட்லெஸ் என்று விற்பது கால்சியம் கார்பனேட்டில் செய்தது. கொஞ்சம் கனம், கொஞ்சம் கடினம், பொடி பறக்காமல் நேராகக் கீழே விழும். தூசி அறவே இருக்காது என்று நினைக்கக் கூடாது. கணிதக்காரர்கள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாடும் ஜப்பானின் ஹகோரோமோ சாக்பீஸும் கார்பனேட் வகைதான். அந்த நிறுவனம் 2015இல் மூடியபோது பலர் பெட்டி பெட்டியாக வாங்கிச் சேர்த்தார்கள். தயாரிப்பு பிறகு தென் கொரியாவுக்குப் போனது. நல்ல பலகை இருந்தால் கடையில் கிடைக்கும் டஸ்ட்லெஸ் சாக்பீஸே போதும், அந்த அளவுக்குத் தேட வேண்டியதில்லை.

டஸ்டரை மேலிருந்து கீழாக இழுக்க வேண்டும், பக்கவாட்டில் வீசக் கூடாது. பலகைக்கு நேர் மேலே மின்விசிறி இருந்தால் அதன் இடத்தை மாற்றுங்கள். வீசிங் இருக்கும் ஆசிரியருக்கு ஈரத்துணியால் துடைப்பதும் போதாமல் போகலாம். அவர் வகுப்பை வெள்ளைப் பலகை உள்ள அறைக்கு மாற்றித் தருவது துறையின் கடமை, அவராகக் கேட்கும் வரை காத்திருக்கக் கூடாது. கணினி லேபில் கரும்பலகை வேண்டவே வேண்டாம். பொடி சிபியூ விசிறிக்குள் போய்ப் படிந்து சூட்டைக் கிளப்பும்.

இரண்டாவது, பலகையின் தரம். சிமெண்ட் சுவரில் கருப்புப் பெயிண்ட் அடித்த போர்டுதான் நம் ஊரில் அதிகம். நடுப்பகுதி ஒரே ஆண்டில் வழுவழுப்பாகி சாக்பீஸ் வழுக்கும். கிராமத்துப் பள்ளிகளில் ஊமத்தை இலையையும் கரியையும் அரைத்துப் பூசியது இதைச் சமாளிக்கத்தான். மே மாத விடுமுறையில் நைஸ் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, பளபளப்பில்லாத போர்டு பெயிண்ட் அடித்தால் அடுத்த ஆண்டு ஓடும். சாதாரண எனாமல் பெயிண்ட் அடித்துவிட்டால் அந்த ஆண்டு முழுக்கத் துன்பம். பணம் இருந்தால் எஃகுத் தகட்டில் எனாமல் சுட்ட பலகை வாங்குங்கள், செராமிக் ஸ்டீல் என்று விற்பது அதுதான். கண்ணாடித் தூளை எண்ணூறு டிகிரி அளவில் உருக்கி ஒட்டவைத்தது என்பதால் பெயிண்ட் மாதிரி தேயாது, காந்தமும் ஒட்டும். டெண்டரில் ‘மேட்’ (பளபளப்பில்லாதது) என்ற சொல்லைக் கட்டாயம் போடுங்கள். அடியில் வைக்கும் பலகை கரையான் அரிக்காததாகவும் இருக்கட்டும்.

சாக்பீஸ் கிறீச்சிடுவதும் பலகையின் குற்றமல்ல. முழு சாக்பீஸைச் செங்குத்தாகப் பிடித்துத் தள்ளினால் அது ஒட்டியும் வழுக்கியும் அதிரும், அந்த அதிர்வுதான் சத்தம். பாதியாக உடைத்து, சாய்த்துப் பிடித்து, தள்ளாமல் இழுத்து எழுதினால் நின்றுவிடும். அதே அதிர்வை வேண்டுமென்றே வரவழைத்து ஒரே இழுப்பில் புள்ளிக்கோடு போடுகிற இயற்பியல் ஆசிரியர்களும் உண்டு.

டேப்லெட்டும் பேனலும் பயனற்றவை என்று சொல்லவில்லை. இருநூறு பேர் உட்காரும் அரங்கில் கணக்கு தலைகீழாகிவிடும். இருபது மீட்டருக்குத் தெரிய, சிறு குறியே மூன்று சென்டிமீட்டர் வேண்டும். முதன்மை எழுத்து பத்துக்குப் போகும், நாலடிப் பலகையில் ஏழு வரிகூடத் தேறாது. அங்கே பெரிய திரையில் டேப்லெட்தான் சரி. பார்வைக் குறைபாடுள்ள மாணவருக்குத் தன் கையிலேயே பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்க்க முடிவது பெரிய உதவி. நிரல் எழுதி ஓட்டிக் காட்டவும், அலையை அசைத்துக் காட்டவும் திரை இல்லாமல் முடியாது. நிரலில் காலடிக் குறி கிடையாது என்பதால் நாலடித் திரையில் இருபத்து நாலு வரி வரை வைக்கலாம், அதற்குமேல் வேண்டாம். கருப்புப் பின்னணியை மாற்றி வெள்ளையில் காட்டுங்கள். பகல் வெளிச்சத்தில் ப்ரொஜெக்டரால் கருப்பைக் காட்ட முடியாது.

பேனலில் கவனிக்க வேண்டிய ஒன்று. பல பேனல்கள் சட்டத்தைச் சுற்றி ஓடும் அகச்சிவப்புக் கதிரை வைத்துத்தான் தொடுதலை உணர்கின்றன. சட்டைக் கையோ புடவைத் தலைப்போ பட்டாலும் கோடு விழும். சட்டத்தில் சாக்பீஸ் பொடி படிந்தால் தானாகவே புள்ளி போடும். பேனலையும் கரும்பலகையையும் ஒட்டி மாட்டினால் வாரம் ஒருமுறை உலர்ந்த துணியால் சட்டத்தைத் துடைத்தாக வேண்டும். வாரண்டி முடிந்து பல ஆண்டு ஓடிய பேனலில் எங்களுக்குப் பழக்கம் குறைவு, அதனால் ஆயுளைப் பற்றி அடித்துச் சொல்ல மாட்டேன். விளக்கு வைத்த ப்ரொஜெக்டர் என்றால் கரண்ட் போய் வந்ததும் விளக்கு ஆறும் வரை திரும்ப எரியாது, சின்ன யுபிஎஸ் ஒன்று கட்டாயம்.

புதுப்பிக்கும்போது நடக்கும் பெரிய தவறு, சுருள் திரையைப் பலகையின் நடுவில் தொங்கவிடுவது. திரையை இறக்கிய நிமிடம் பதினாறடியில் ஆறடி போய்விடும், மிச்சம் இரண்டு துண்டாக நிற்கும். திரையை மூலையில் சாய்வாக மாட்டுங்கள். பலகையின் அடிவிளிம்பு தரையிலிருந்து 85 சென்டிமீட்டர் இருந்தால் மேல்விளிம்பு 205இல் நிற்கும். குள்ளமானவர்களும் எட்டுவதற்கு ஆசிரியர் பக்கம் இருபது சென்டிமீட்டர் மேடை போட்டுக்கொள்ளலாம்.

வகுப்பு முடிந்ததும் பலகையைப் போட்டோ எடுத்துப் பகிர்ந்தால் டேப்லெட்டின் பிடிஎஃப்பில் பாதிப் பயன் கிடைத்துவிடும். கருப்புப் பரப்பைப் பார்த்து போன் கேமரா வெளிச்சத்தைத் தானே கூட்டும், எழுத்து வெளிறும். எக்ஸ்போஷரை ஒரு படி குறைத்து எடுங்கள், வெள்ளைப் பலகை என்றால் ஒரு படி கூட்டுங்கள்.

பெயிண்ட் அடித்த புதுப் பலகையில் முதல் நாளே எழுதிவிடாதீர்கள். பெயிண்ட் நன்றாகக் காய்ந்த பின் சாக்பீஸைப் படுக்கவைத்துப் பலகை முழுக்க, மூலை விடாமல் தேய்த்து, உலர்ந்த டஸ்டரால் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். தேய்க்காமல் எழுதினால் முதல் நாள் எழுதிய சமன்பாடு அடுத்த பெயிண்ட் வரை மங்கலாக அங்கேயே நிற்கும்.