கல்லடியில் கூட்டமாகச் சாப்பிடப் போகிறவர்கள் கவனத்துக்கு

மட்டக்களப்பில் பிரியாவிடை, பிறந்தநாள் என்று பத்து இருபது பேராக இராச்சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்கிறவர்கள், முற்பணம் கட்டும் முன் இதை வாசித்துவிடுங்கள். முறைப்பாடு கொடுத்திருப்பதால் கடையின் பெயரை இங்கே போடவில்லை. நடந்தது மட்டும் அப்படியே.

எங்கள் பாடசாலையில் நீண்ட காலம் படிப்பித்த ரீச்சர் ஒருவர் ஓய்வு பெற்றார். ஆளுக்கு ஆள் காசு சேர்த்து, கல்லடிப் பக்கம் வாவியைப் பார்த்தபடி இருக்கும் ஒரு கடையில் 22 பேருக்குச் சாப்பாடு பேசினோம். முதலாளியே வந்து கதைத்தார். பெட்டியைத் திறந்து பெரிய பெரிய நண்டாகக் காட்டினார். நாலு பேர் சைவம், அவர்களுக்குத் தனிச் சட்டியில் சமைக்க வேண்டும் என்றோம். "அதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். முற்பணம் 20,000 ரூபாவை வங்கியில் போட்டோம்.

சனிக்கிழமை ஏழரைக்குச் சாப்பாடு என்பது பேச்சு. எட்டரை ஆகியும் மேசைக்குத் தண்ணீர்கூட வரவில்லை. ரீச்சருக்குச் சீனி வருத்தம். சாப்பாடு வரப்போகிறது என்று நம்பிக் குளிசையும் போட்டுவிட்டார். கொஞ்ச நேரத்தில் கை நடுங்கத் தொடங்கிவிட்டது. "மனே, ஒரு துண்டு பாணாவது தா" என்று அவர் கேட்க, பரிமாறுகிற தம்பி "இந்தா வருது ரீச்சர்" என்று போனவன்தான். யாரோ கைப்பையில் இருந்து ஒரு டொபி எடுத்துக் கொடுத்ததால் சமாளித்தோம். முழுக் கடைக்கும் இரண்டே பெடியன்கள்தான் ஓடித் திரிந்தார்கள். அவர்களில் எனக்குக் கோபமில்லை. இத்தனை பேருக்கு முற்பணம் வாங்கிவிட்டு ஆள் போடாத முதலாளியில்தான் கோபம்.

சாப்பாடு வந்தபோது ஒன்பது தாண்டிவிட்டது. சோறு ஆறிப்போய் இருந்தது. நண்டுக் கறியில் கிடந்தவை காட்டிய நண்டுகளே இல்லை. காலை உடைத்தால் உள்ளே தண்ணீர் மட்டும்தான். ஓடு மாற்றிய நண்டில் சதை இருக்காது என்பது வாவிக்கரையில் வளர்ந்த எல்லோருக்கும் தெரியும். எங்களுக்கே அதை வைக்கிறார்கள்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டிருப்போம். சைவச் சாப்பாட்டில் செய்ததைத்தான் மன்னிக்க முடியவில்லை. கந்தசஷ்டி தவறாமல் பிடிக்கிற ஒரு அக்கா, மரக்கறிச் சோற்றில் இரண்டு வாய் சாப்பிட்ட பிறகு கோப்பைக்குள் இறாலைக் கண்டார். கரட் துண்டோடு துண்டாக, வாலோடு கிடந்தது. அப்படியே எழும்பிப் போய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தவர், கடைசிவரை ஒன்றும் சாப்பிடவில்லை. முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினோம். "அதை எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடச் சொல்லுங்க" என்றார். மன்னிப்பு என்ற பேச்சே இல்லை.

அப்புறம் பில். ஒரு துண்டில் மொத்தத் தொகையை மட்டும் எழுதி நீட்டினார்கள். விபரம் கேட்டு நின்ற பிறகுதான் உள்ளே இருந்ததெல்லாம் தெரிந்தது. ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தலுக்கு 180 ரூபா. 2025 ஏப்ரலில் இருந்து அதற்கு உச்ச சில்லறை விலை 100 ரூபாதான். யாரும் திறக்காத போத்தல்களையும் சேர்த்திருந்தார்கள். வற் வரி 18 வீதம் என்று ஒரு வரி, ஆனால் துண்டில் வற் பதிவிலக்கமே இல்லை. பதிவு செய்யாத கடை அந்த வரியை அறவிடவே முடியாது. இதற்கு மேல் சேவைக் கட்டணம் 10 வீதம்! கட்டிய முற்பணத்தையும் கழிக்கவில்லை. வங்கிச் சிட்டையைத் தொலைபேசியில் காட்டிய பிறகே கழித்தார்கள். கையில் காசாகக் கொடுத்திருந்தால் அதுவும் போயிருக்கும்.

வரியையும் தண்ணீர்க் காசையும் விவாதித்துக் குறைத்தோம். சேவைக் கட்டணத்தில் மட்டும் அசையவில்லை. ரீச்சருக்கு முன்னால் சண்டை பிடிக்க மனம் வராமல் கட்டிவிட்டு வந்தோம்.

கூட்டமாகப் பேசுகிறவர்கள் முற்பணத்தை வங்கியில் போடுங்கள், இல்லாவிட்டால் பற்றுச்சீட்டு வாங்குங்கள். நண்டு, இறாலுக்குக் கிலோ என்ன விலை, எத்தனை கிலோ போடுவார்கள் என்பதை வட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். சேவைக் கட்டணம் தனியாக வருமா என்பதையும் அதிலேயே கேளுங்கள். வாயால் சொன்னதைப் பிறகு யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

உச்ச விலைக்கு மேல் விற்பதும், கேட்டும் பற்றுச்சீட்டு தராமல் விடுவதும் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகார சபைச் சட்டப்படி குற்றம். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்துச் சொல்லலாம். நாங்கள் பில்லையும் படங்களையும் இணைத்து எழுத்திலேயே கொடுத்திருக்கிறோம். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். இதே மாதிரி பில் உங்கள் கையிலும் இருந்தால் கிழித்துப் போடாமல் நீங்களும் கொடுங்கள்.