பெரிய டேபிளில் இண்டெக்ஸ் போடுவது: எந்த வழி வேகம்?

நூறு கோடி வரிசைகள் நிரம்பிய டேபிள். தேடலை வேகப்படுத்த அதற்குப் புதிதாக ஒரு இண்டெக்ஸ் வேண்டும். போஸ்ட்கிரெஸ் (PostgreSQL) டேட்டாபேஸில் இதற்கு இரண்டு நேர்வழிகள் உண்டு. ஒன்று வெறும் கிரியேட் இண்டெக்ஸ், மற்றது அதோடு கன்கரன்ட்லி சேர்த்துப் போடுவது. கடிகாரத்தை மட்டும் பார்த்தால் முதல் வழிதான் ஜெயிக்கும். ஆனால் எத்தனை நிமிடத்தில் முடிந்தது என்பதைவிட, அந்த நேரத்தில் எத்தனை பேர் காத்துக் கிடந்தார்கள் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

வெறும் கிரியேட் இண்டெக்ஸ் டேபிளை ஒரே முறை படித்து, மதிப்புகளை வரிசைப்படுத்தி, பி-ட்ரீ என்ற மரவடிவ இண்டெக்ஸைக் கட்டிவிடும். அது முடியும்வரை டேபிளின் மேல் ஷேர் லாக் இருக்கும். படிக்கலாம், எழுத முடியாது. இன்னொரு சிக்கல் பலர் கண்ணில் படுவதில்லை. ஏற்கெனவே அந்த டேபிளில் எழுதிக்கொண்டிருக்கும் டிரான்ஸாக்ஷன் (ஒரே தொகுப்பாக நடக்கும் வேலை) ஒன்று முடியாமல் இருந்தால், நம் கட்டளை லாக்குக்காக அதன் பின்னால் நிற்கும். அதற்கப்புறம் எழுத வருபவர்கள் நமக்குப் பின்னால் நிற்பார்கள். இண்டெக்ஸ் வேலை தொடங்கவே இல்லை, அதற்குள் எழுத்து நின்றுவிட்டது. அதனால் இந்த வழியில் போனால், லாக்குக்காக எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்று சொல்லும் லாக்_டைம்அவுட்டைச் சில நொடிகளுக்கு வைத்துவிட்டுப் போங்கள்.

கன்கரன்ட்லி எழுத்தைத் தடுக்காது. அதற்கு விலை உண்டு. டேபிளை இரண்டு முறை படிக்கும், நடுநடுவே பழைய டிரான்ஸாக்ஷன்கள் முடியக் காத்திருக்கும். கடைசிக் காத்திருப்புதான் கொடுமை. இரண்டாவது படிப்புக்கு முன்பே ஸ்னாப்ஷாட் (டேட்டாவின் அந்தக் கணத்துக் காட்சி) எடுத்துவிட்ட டிரான்ஸாக்ஷன், அதே டேட்டாபேஸில் வேறு ஏதோ டேபிளைத் தொட்டுக்கொண்டிருந்தாலும், அது முடிய வேண்டும். ஒருமுறை இரவில் போட்ட இண்டெக்ஸ் காலையிலும் முடியவில்லை. போய்ப் பார்த்தால் கட்டும் வேலை எப்போதோ முடிந்திருந்தது. யாரோ தொடங்கிவிட்ட நீண்ட ரிப்போர்ட் ஒன்றுதான் பிடித்து வைத்திருந்தது. அன்றிலிருந்து, இப்போது ஓடும் வேலைகளைக் காட்டும் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியில் நீண்ட டிரான்ஸாக்ஷன் ஏதும் இருக்கிறதா என்று பார்க்காமல் நான் தொடங்குவதில்லை. பாதியில் தோற்றால் இன்வேலிட் இண்டெக்ஸ் ஒன்று தங்கிவிடும். எந்தக் குவெரிக்கும் அது உதவாது, ஆனால் ஒவ்வொரு எழுத்தின்போதும் சுமையாக இருக்கும். அதை டிராப் செய்துவிட்டு மறுபடி முயல்வதே நல்லது.

இவ்வளவு இருந்தும், ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டத்துக்கு என் தேர்வு கன்கரன்ட்லிதான். இரவில் நிறுத்தி வைக்க முடிந்த சிஸ்டம் என்றால் வெறும் கிரியேட் இண்டெக்ஸ் போதும்.

இரண்டையும் வேகப்படுத்தும் திருகு ஒன்று உண்டு. இண்டெக்ஸ் கட்டப் பயன்படும் நினைவகத்தின் அளவான மெயின்டெனன்ஸ்_வொர்க்_மெம் இயல்பாக 64 எம்பி. 11-ஆம் பதிப்பிலிருந்து பி-ட்ரீயைப் பல வொர்க்கர்கள் (துணை ப்ராசஸ்கள்) சேர்ந்து கட்டலாம். அவர்களின் உச்ச எண்ணிக்கையான மேக்ஸ்_பேரலல்_மெயின்டெனன்ஸ்_வொர்க்கர்ஸ் இயல்பாக 2. ஆனால் அந்த நினைவகம் எல்லோருக்கும் சேர்த்துத்தான். தலைமை ப்ராசஸையும் சேர்த்து ஆளுக்கு 32 எம்பியாவது கிடைக்க வேண்டும் என்பது விதி. ஆக 64 எம்பியில் ஒரே ஒரு வொர்க்கர்தான் வரும். வொர்க்கர் எண்ணிக்கையை மட்டும் 6, 8 என்று ஏற்றிவிட்டு வேகம் கூடவில்லையே என்று வருந்துபவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். சர்வரில் இடமிருந்தால், அந்த ஒரு செஷனுக்கு மட்டும் 2 ஜிபி, 4 வொர்க்கர் என்று வைத்துப் பாருங்கள். கன்கரன்ட்லியில் முதல் படிப்புக்கு மட்டும்தான் வொர்க்கர்கள் உதவுவார்கள், இரண்டாவது தனியாள் வேலை.

சரி, பி-ட்ரீயே வேண்டுமா? நிகழ்வுப் பதிவு (log), சென்சார் அளவீடு மாதிரி காலவரிசையில் வந்து சேரும் டேபிளுக்கு 9.5-ஆம் பதிப்பில் வந்த பிரின் என்ற இண்டெக்ஸ் வகை இருக்கிறது. இயல்பாக 128 பக்கங்களுக்கு, அதாவது 1 எம்பிக்கு, ஒரு குறைந்த மதிப்பும் ஒரு அதிக மதிப்பும் மட்டும் குறித்துக்கொள்ளும். மொத்த டேபிளையும் வரிசைப்படுத்தும் வேலை இல்லாததால் கட்டுவது சீக்கிரம் முடியும், இண்டெக்ஸும் மிகச் சிறியது. புள்ளிவிவரம் தரும் பிஜி_ஸ்டாட்ஸில் அந்த நெடுவரிசையின் கோரிலேஷன் (மதிப்புகளின் வரிசையும் டேபிளில் அவை கிடக்கும் வரிசையும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற எண்) 1-க்கோ -1-க்கோ மிக அருகில் இருந்தால் தயங்காமல் போடலாம். வாடிக்கையாளர் எண் மாதிரி டேபிள் முழுக்கச் சிதறிக் கிடக்கும் மதிப்புக்கு இது வீண்.

பல துண்டுகளாகப் பிரித்த, அதாவது பார்ட்டிஷன் செய்த, டேபிளில் தாய் டேபிளின் மேல் நேராகக் கன்கரன்ட்லி போட முடியாது. தாயில் ஒன்லி போட்டு வெற்று இண்டெக்ஸ் உருவாக்கி, ஒவ்வொரு பார்ட்டிஷனிலும் கன்கரன்ட்லி போட்டு, பிறகு அட்டாச் செய்ய வேண்டும். கை வலிக்கும் வேலைதான், ஆனால் நடுவில் ஒன்று தோற்றால் அந்த ஒன்றை மட்டும் மறுபடி செய்தால் போதும்.

ஒரு எச்சரிக்கை. 14.0 முதல் 14.3 வரை உள்ள பதிப்புகளில் கன்கரன்ட்லி சத்தமில்லாமல் இண்டெக்ஸைப் பழுதாக்கக்கூடிய பிழை இருந்தது. 2022 ஜூனில் வந்த 14.4 அதைச் சரிசெய்தது. அந்தப் பதிப்புகளில் இன்னும் இருப்பவர்கள் முதலில் அப்கிரேட் செய்யுங்கள், அப்போது கன்கரன்ட்லியில் கட்டியவற்றை ரீஇண்டெக்ஸ் செய்துவிடுங்கள்.