ஓர்சே மியூசியம், பாரிஸ்: டெகாவோட குளியல் தொட்டிக்காகவே 5 ஸ்டார்

மியூசியம் முழுக்க எழுத எனக்குத் தெம்பில்ல, அது 1900ல திறந்த ரயில்வே ஸ்டேஷன், 1986ல மியூசியமாச்சு, பெரிய கடிகாரம் எல்லாம் அப்படியே இருக்கு, அழகு தான். ஆனா நான் சொல்ல வந்தது ஒரே ஒரு படம் பத்தி. பிரெஞ்சு ஓவியர் எட்கர் டெகா 1886ல பாஸ்டல்ல, அதாவது சாக்பீஸ் மாதிரி வண்ணக் குச்சியில வரைஞ்ச 'தொட்டி'. 60 செ.மீ. உயரம், 83 செ.மீ. அகலம், அவ்ளோ தான். பாஸ்டலுக்கு வெளிச்சம் ஆகாதுன்னு லைட்டக் கம்மியா வச்சிருக்காங்க, கண்ணு பழக கொஞ்ச நேரம் ஆகும், அவசரப்படாதீங்க.

ஒரு பொண்ணு ஆழமில்லாத வட்டத் தொட்டிக்குள்ள குந்தி உக்காந்து, ஒரு கைய ஊனிக்கிட்டு இன்னொரு கையால ஸ்பஞ்ச் வச்சு பிடரியத் தேய்க்கிறா. முகம் குனிஞ்சிருக்கு. அவளுக்கு நம்ம ஞாபகமே இல்ல. அதுவரைக்கும் நிர்வாணப் படம்னா காதல் தேவதை வீனஸ் மாதிரி யாரோ பாக்குறாங்கன்னு தெரிஞ்சு போஸ் குடுக்கிற பொண்ணு தான். ஆனா 'நான் வரையிறது சாவித் துவாரம் வழியா பாக்குற மாதிரி'ன்னு டெகாவே ஐரிஷ் எழுத்தாளர் ஜார்ஜ் மூர் கிட்ட சொல்லியிருக்காரு. அதனால இந்தப் படம்னாலே ஒளிஞ்சு பாக்குற படம்னு பேசி முடிச்சிடுறாங்க.

எனக்கு அது ஒத்துக்கல. சாவித் துவாரத்துல பாத்தா நேர் மட்டத்துல தானே தெரியும், தூரத்துல, கதவுக்கு அந்தப் பக்கம். இங்க நாம மேல இருந்து பாக்குறோம், அதாவது ரூமுக்குள்ளயே அவ பக்கத்துல நின்னுக்கிட்டு இருக்கோம். வலது பக்கம் ஒரு பலகை படத்த நெட்டுக்குத்தா வெட்டுது, அது மேல ரெண்டு ஜாடி, பிரஷ், அந்த பிரஷ்ஷோட கைப்பிடி பலகை ஓரத்த விட்டு வெளிய நீட்டிக்கிட்டு இருக்கு, கைய நீட்டினா எடுத்துடலாம் போல. கூட வாழ்றவங்களுக்குத் தான் அந்த இடத்துல நிக்க முடியும், திருட்டுத்தனமா எட்டிப் பாக்குறவனுக்கு இல்ல.

ஆனா இத வச்சு டெகாவ முழுசா விட்டுடவும் மனசு வரல. இது ஸ்டூடியோல மாடல்கள வச்சு உருவாக்கின தனிமை, அந்த மாடலுக்கு இடுப்பு வலிச்சிருக்கும், தண்ணி ஆறிப் போயிருக்கும். யாரும் பாக்காத மாதிரி இருக்கிறதுக்கே ஒருத்தர் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டே இருக்க வேண்டியிருந்துச்சு, அது என்னை ரொம்ப நேரம் அங்கேயே நிக்க வச்சுது.

இதே மியூசியத்துல துலூஸ்-லொத்ரெக் வரைஞ்ச 'படுக்கையில்' படமும் இருக்கு, கழுத்து வரைக்கும் போர்வை இழுத்து மூடி ரெண்டு பேர் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டு இருப்பாங்க. அதுல நமக்கு இடமே இல்ல, அதையும் சேர்த்துப் பாருங்க.

திங்கள் லீவு. வியாழக்கிழமை ராத்திரி 9.45 வரைக்கும் திறந்திருக்கும். பாஸ்டல் படங்கள அப்பப்போ உள்ள எடுத்து வச்சிடுவாங்க, அதனால மியூசியம் வெப்சைட்ல பாத்துட்டுக் கிளம்புங்க. போனா முதல்ல அந்த பிரஷ் கைப்பிடியப் பாருங்க, அப்புறம் அவள.