டெயில்விண்டில் பிராண்ட் நிறத்தை மாற்ற மூன்று வழிகள்: நான் எடுத்தது எது, ஏன்

நாங்கள் பராமரிக்கும் ஒரு விற்பனைத் தளத்தின் லோகோ நீலத்திலிருந்து ஆரஞ்சுக்கு மாறியது. தளமும் கூடவே மாறவேண்டும் என்றார்கள். பக்கத்தின் தோற்றத்தை ஆயத்த க்ளாஸ் பெயர்களால் அமைக்க உதவும் சிஎஸ்எஸ் (தோற்றத்தைச் சொல்லும் மொழி) கருவியான டெயில்விண்ட் 4இல் ஓடும் தளம் அது. பட்டன், லிங்க், மெனு, தலைப்புப் பட்டை என்று எங்கு பார்த்தாலும் ‘ப்ளூ-600’, ‘ப்ளூ-700’ க்ளாஸ்கள் (எண் கூடக் கூட நிறம் அடர்த்தியாகும்).

இதற்கு மூன்று வழிகள் உண்டு. ப்ளூ என்ற பெயரை அப்படியே விட்டு, தீமில் (டெயில்விண்டின் நிறப் பட்டியலில்) அதன் மதிப்பை மட்டும் ஆரஞ்சாக்கலாம். டெம்ப்ளேட்களில் (பக்கங்களின் எச்டிஎம்எல் ஃபைல்களில்) தேடி ப்ளூ வருகிற இடமெல்லாம் ஆரஞ்சு என்று மாற்றலாம். அல்லது நிறப் பெயர்களையே கைவிட்டு ‘பிராண்ட்’, ‘பின்னணி’, ‘எச்சரிக்கை’ என்று அந்த நிறம் செய்கிற வேலையை வைத்துப் பெயரிடலாம். நான் மூன்றாவதை எடுத்தேன். கொஞ்சம் கூடுதல் உழைப்புதான். இன்னொரு தளம் வந்தாலும் அதையேதான் எடுப்பேன்.

முதல் வழியின் பலம் வேகம். டெயில்விண்ட் 4இல் ஜாவாஸ்கிரிப்ட் கான்ஃபிக் ஃபைல் கட்டாயமில்லை; சிஎஸ்எஸ் ஃபைலிலேயே தீம் பிளாக்குக்குள் நிறங்களை எழுதிவிடலாம். ப்ளூவின் 50 முதல் 950 வரையுள்ள 11 படிகளுக்கும் ஆரஞ்சு மதிப்பைக் கொடுத்தால் தளம் முழுக்க ஒரே நொடியில் நிறம் மாறிவிடும். சிக்கல் என்னவென்றால், எங்கள் தளத்தில் நீலம் பிராண்டுக்கு மட்டும் இருக்கவில்லை. தகவல் பெட்டியும் நீலம், ‘அனுப்பப்பட்டது’ என்று காட்டும் ஆர்டர் நிலையும் நீலம். அவையும் சேர்ந்து ஆரஞ்சாகும். எச்சரிக்கைப் பெட்டி ஏற்கெனவே ஆம்பர் (ஆரஞ்சு கலந்த மஞ்சள்) என்பதால், தகவலும் எச்சரிக்கையும் அடுத்தடுத்து வந்தால் வாடிக்கையாளருக்கு வித்தியாசமே தெரியாது. போதாததற்கு, புதிதாக டீமில் சேருகிறவர் ‘ப்ளூ’ என்று எழுதுவார், திரையில் ஆரஞ்சு வரும். நாளையே வெளியீடு என்றால் இதைச் செய்துவிட்டுப் பிறகு சரிசெய்யலாம். நிரந்தரமாக வேண்டாம்.

இரண்டாவது வழி நேர்மையானதாகத் தோன்றும். பெயரும் நிறமும் ஒத்துப்போகின்றன, தகவல் பெட்டியை விட்டுவிட்டு மற்றதை மட்டும் மாற்றவும் முடிகிறது. ஆனால் இங்கே இரண்டு பள்ளங்கள் இருக்கின்றன.

ஒன்று, டெயில்விண்ட் நம் ஃபைல்களை வெறும் எழுத்தாகப் படித்து, அதில் கண்ணில் படும் க்ளாஸுக்கு மட்டும்தான் சிஎஸ்எஸ் உருவாக்கும். எங்கள் தளத்தில் சலுகை பேனர்கள் டேட்டாபேஸிலிருந்து வருகின்றன. அவற்றின் எச்டிஎம்எல்லுக்குள்ளேயே ப்ளூ-600 பின்னணியும் வெள்ளை எழுத்தும் எழுதப்பட்டிருக்கின்றன. டெம்ப்ளேட்களில் கடைசி ப்ளூ-600ஐயும் மாற்றியதும் அந்தப் பின்னணிக்கான சிஎஸ்எஸ் உருவாகாது. வெள்ளைப் பக்கத்தில் வெள்ளை எழுத்து மட்டும் மிஞ்சும், பேனரே காணாமல் போனதுபோல. பில்டில் (சிஎஸ்எஸ்ஸை உருவாக்கும் கட்டத்தில்) எந்த எரரும் வராது. டெஸ்ட் சர்வரில் பழைய பேனர்களைத் திறந்து பார்த்தால்தான் தெரியவரும்.

இரண்டாவது பள்ளம் இன்னும் முக்கியமானது. 600 என்ற எண் எல்லா நிறத்திலும் ஒரே அடர்த்தி இல்லை. ப்ளூ-600 மேல் வெள்ளை எழுத்து வைத்தால் கான்ட்ராஸ்ட் (எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாட்டின் விகிதம்) 5க்குச் சற்று மேல். ஆரஞ்சு-600 மேல் அதே வெள்ளை எழுத்து சுமார் 3.6தான். சாதாரண அளவு எழுத்துக்கு அணுகல்தன்மை விதி (பார்வைக் குறைபாடு உள்ளவர்களும் படிக்க உதவுவது) கேட்பது 4.5. அதாவது ‘ப்ளூ’வை ‘ஆரஞ்சு’ என்று மாற்றிய அந்தக் கணமே பட்டன்கள் எல்லாம் விதிக்குக் கீழே போய்விடுகின்றன. ஆரஞ்சு-700க்கு இறங்கினால் மீண்டும் 5ஐத் தாண்டும். ஆனால் ஹோவருக்கு (மவுஸை மேலே கொண்டுபோகும்போது வரும் நிறத்துக்கு) ஏற்கெனவே 700ஐ வைத்திருந்தோம். அதை 800 ஆக்கவேண்டும், அழுத்தும்போது வரும் நிறத்தை 900 ஆக்கவேண்டும். தேடி மாற்றும் வேலை இப்போது ஒவ்வொரு க்ளாஸையும் படித்துப் பார்த்து முடிவெடுக்கும் வேலையாகிவிடுகிறது.

அவ்வளவு படித்துப் பார்க்கத்தான் வேண்டும் என்றால், அந்த உழைப்பு ஒரே தடவையோடு முடியட்டுமே என்பதுதான் என் வாதம். ஒவ்வொரு இடத்திலும் ‘இந்த நீலம் இங்கே என்ன வேலை செய்கிறது?’ என்று கேட்டு, பதிலையே க்ளாஸ் பெயராக வைத்தோம். பிராண்ட், பிராண்ட்-ஹோவர், பிராண்ட் மேல் வரும் எழுத்து, தகவல், தகவல்-பின்னணி என்று கொஞ்சம் பெயர்கள்தான். பின்னணியையும் அதன்மேல் வரும் எழுத்து நிறத்தையும் எப்போதும் ஜோடியாகவே எழுதுகிறோம். கான்ட்ராஸ்ட்டை அந்த ஜோடிக்கு ஒருமுறை பார்த்தால் போதும். பட்டன் பட்டனாகப் பார்க்கவேண்டியதில்லை.

பராமரிப்பில் இது எவ்வளவு மிச்சம் என்பது அடுத்த மாற்றத்தில்தான் புரியும். ஆரஞ்சு கொஞ்சம் சிவப்பாக வேண்டும் என்று மறுபடி கேட்டார்கள். தீம் பிளாக்கில் மூன்று வரிகளை மாற்றினோம், டெம்ப்ளேட் எதையும் திறக்கவில்லை. டேட்டாபேஸ் பேனர்களை மூன்றாவது வழியிலும் ஒருமுறை மாற்றித்தான் ஆகவேண்டும், அதில் தப்ப முடியாது. ஆனால் அங்கே ‘பிராண்ட்’ என்று எழுதிவிட்டால் பிறகு எந்த நிறம் வந்தாலும் தொடவேண்டாம். டார்க் மோடும் இதே வழியில் வருகிறது: அதே பெயருக்கு இருட்டில் வேறு மதிப்பு. நிறத்தைப் பாதி ஒளிபுகும்படி வைப்பதற்கு, பதிப்பு 3இல் நிறத்தை வைத்திருக்கும் வேரியபிளை சிவப்பு, பச்சை, நீலம் (ஆர்ஜிபி) எண்களாகப் பிரித்து எழுதவேண்டியிருந்தது. 4இல் அந்தத் தொல்லை போய்விட்டது.

இன்னொன்றையும் செய்தோம். தீமில் இயல்பாக வரும் நிறங்கள் அனைத்தையும் ஒரே வரியில் நீக்க டெயில்விண்ட் 4 இடம் தருகிறது. நீக்கியபின் அவசரத்தில் யாரும் ப்ளூ-600 என்று எழுதி ஒப்பேற்ற முடியாது. வெள்ளையும் கறுப்பும் சேர்ந்தே போய்விடும், அவற்றைத் திரும்ப எழுதிக்கொள்ளுங்கள். ‘அப்ளை’யில் (சிஎஸ்எஸ் ஃபைலுக்குள் க்ளாஸைச் சேர்க்கும் கட்டளையில்) பழைய க்ளாஸ் இருந்தால் பில்ட் நின்றுபோய்க் காட்டிக்கொடுக்கும். டெம்ப்ளேட்டில் இருந்தால் சத்தமே இல்லாமல் நிறமின்றி வரும். அதனால் நீக்குவதற்கு முன் ஒரு முழுத் தேடல் அவசியம்.

டெயில்விண்டுக்குப் பதில் பூட்ஸ்ட்ராப் என்ற இன்னொரு சிஎஸ்எஸ் கருவியைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இந்தப் பெயரிடும் வேலை பாதி முடிந்தே வருகிறது. பிரைமரி, டேஞ்சர், வார்னிங் எல்லாம் வேலைப் பெயர்கள்தான். பட்டன் எழுத்து கறுப்பா வெள்ளையா என்பதைக்கூட 4.5 கணக்கை வைத்து அதுவே தேர்ந்தெடுக்கும். இந்த ஒரு விஷயத்தில் அது டெயில்விண்டைவிட மேல். ஆனால் நிறத்தை சாஸ் (சிஎஸ்எஸ்ஸாக மாற்றப்படும் மொழி) வேரியபிளில் மாற்றி மறுபடி கம்பைல் செய்யவேண்டும். பிரவுசரில் பிரைமரி வேரியபிளை மட்டும் மாற்றினால் பிரைமரி பட்டன் பழைய நீலத்திலேயே நிற்கும். அதன் நிறமும் ஹோவரும் கம்பைல் நேரத்திலேயே கணக்கிடப்பட்டுவிட்டன.

ஒரே கோடில் பல பிராண்டுகள் ஓடும் பெரிய அமைப்பில் நான் வேலை செய்ததில்லை. அங்கே இந்தச் சில பெயர்கள் போதாமல் போகலாம். அதேபோல் நான்கைந்து பக்கமே உள்ள, நீலம் பிராண்டுக்கு மட்டுமே வருகிற தளம் என்றால் இரண்டாவது வழியே போதும்.

எந்த வழியில் போனாலும் தீம் பிளாக் எட்டாத இடங்கள் சில உண்டு: எஸ்விஜி லோகோ, மொபைல் பிரவுசரின் மேல்பட்டை நிறம், பிடிஎஃப் பில், ஆர்டர் மெயில். பல மெயில் செயலிகள் சிஎஸ்எஸ் வேரியபிளை ஏற்பதில்லை என்பதால் அங்கே நிறத்தை நேரடியாகத்தான் எழுதவேண்டும். அந்த ஃபைல்களின் பெயர்களைத் தீம் பிளாக்குக்கு மேலேயே கமென்டாக எழுதி வைத்திருக்கிறோம்.