ஓடை மேசை: வகுப்பறைக்கு வாங்கலாமா?

ஆறு பற்றிய பாடம் வந்தால் வி வடிவப் பள்ளத்தாக்கு, ஆற்று வளைவு, குருட்டாறு, டெல்டா என்று படங்களை வரிசையாகக் காட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். மாணவர்களும் அவற்றைத் தனித்தனிப் பொருள்களாக மனப்பாடம் செய்கிறார்கள். தண்ணீர், மண், சாய்வு மூன்றும் சேர்ந்து செய்யும் ஒரே வேலைதான் இவையெல்லாம் என்பது படத்தில் தெரியாது. அதற்காகவே, மணலில் தண்ணீர் விட்டு ஒரு சின்ன ஆற்றை ஓடவிட்டுப் பார்க்கும் ஓடை மேசை ஒன்றை எங்கள் வகுப்புக்கு வாங்கினோம்.

நீளமான தொட்டி, மணல், ஒரு சின்ன பம்பு, தண்ணீரைச் சேர்த்துத் திருப்பி அனுப்ப ஒரு வாளி. இவ்வளவுதான் பெட்டிக்குள் இருப்பது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, தண்ணீர் வெளியேறும் குழாயை ஏற்றி இறக்க முடிவது. அந்தக் குழாய்மட்டம்தான் இந்தச் சின்ன ஆற்றுக்குக் கடல்மட்டம். ஓடை நிதானமாக ஓடத் தொடங்கியதும் குழாயைக் கொஞ்சம் இறக்குங்கள். முகத்துவாரத்தில் ஒரு குட்டிப் படி உருவாகும். அது நின்ற இடத்தில் நிற்காது. மணலை அரித்துக்கொண்டு, நீர் வரும் திசையை நோக்கி மெல்ல நகரும். கீழே நடந்த மாற்றம் மேலே வரை போய்ச் சேர்வதை மாணவர்கள் கண்ணால் பார்க்கிறார்கள். நயாகரா அருவி சுமார் 12,000 ஆண்டுகளில் 11 கிலோமீட்டர் பின்வாங்கியதை இதன் பிறகு சொன்னால் உடனே பிடிபடுகிறது. அங்கே காரணம் வேறு, கடினப் பாறைக்கு அடியில் இருக்கும் மென்பாறை அரிபடுவது. ஆனால் நகரும் திசை இதேதான்.

அப்புறம், நடுவில் ஒரு பலகையைக் குறுக்கே செருகி அணை கட்டிப் பாருங்கள். மணலெல்லாம் பலகைக்குப் பின்னால் தங்கிவிடும். தாண்டி வரும் நீர் தெளிவாக இருக்கும். சுமக்க மணல் இல்லாத அந்த நீர் கீழ்ப்படுகையைத் தோண்டத் தொடங்கும், கீழே டெல்டா வளர்வதும் நின்றுவிடும். 1970-இல் கட்டி முடிக்கப்பட்ட அஸ்வான் உயர் அணைக்குப் பிறகு நைல் டெல்டாவின் கரை அரிபடுவது ஏன் என்று கேட்டால், மேசையைப் பார்த்தே பதில் சொல்கிறார்கள். படுகை தோண்டப்படத் தோண்டப்படச் சாய்வு குறைகிறது, வேகம் குறைகிறது, அரிப்பும் அடங்குகிறது. ஒரு மாற்றம் தன்னைத் தானே அடக்கிக்கொள்ளும் எதிர்மறைப் பின்னூட்டத்தை விளக்க இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

குறை என்று பார்த்தால், கூட வரும் கையேடு அழகான ஆற்று வளைவுகளைப் படம் போட்டுக் காட்டுகிறது. வெறும் மணலில் அது நிலைக்காது. வளைவு தொடங்கும், வெளிக்கரை சரியும், கொஞ்ச நேரத்தில் ஓடை பல கிளையாகப் பிரிந்து பின்னலாறாகிவிடும். மணலுக்குப் பிடிப்பு இல்லாததுதான் காரணம். நிஜ ஆற்றில் களிமண்ணும் செடிகளின் வேரும் கரையைப் பிடித்துவைக்கின்றன. கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஆய்வாளர்கள் தங்கள் ஆய்வுத் தொட்டியில் ஓடவிட்ட ஆற்றின் கரையில் குதிரைமசால் என்ற தீவனச் செடியின் முளைகளை வளர்த்து, நுண்ணிய வண்டலும் சேர்த்த பிறகுதான் வளைவுகள் நீடித்தன. 2009-இல் அந்த முடிவு வெளியானது. கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. எனக்கு இது பெரிய குறைதான், ஏனென்றால் வளைவு ஏன் நிலைக்கவில்லை என்பதே ஒரு முழு வகுப்புக்கான பாடம்.

மணல் விஷயத்திலும் கவனம் வேண்டும். ஒரே அளவாகச் சலித்த மணலைவிடப் பருமணலும் பொடிமணலும் கலந்தது நல்லது. பெரியது முன்னதாகத் தங்குவதும் பொடி கடைசி வரை போவதும் அப்போதுதான் தெரியும். பம்பில் மணல் போய் அடைத்துக்கொள்கிறது, அதன் வாயில் மெல்லிய துணி கட்டிவிடுங்கள்.

மொத்தத்தில் வாங்கலாம். ஆனால் நீரோட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு இல்லாத மாதிரி வேண்டாம். வெள்ளம் வரும்போது ஆறு எப்படி மாறுகிறது என்பதை அதில் காட்டவே முடியாது.